நிற்கும்போது மட்டும்

வாசலில் கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. மெரேட்டா சொன்ன நேரத்துக்கு வருகிறவள் அல்ல. அதற்கு முன்பே வந்துவிட்டு, மற்றவர்கள் தாமதம் என்று முகம் சுளிக்கிறவள்.

சோல்வை கறுப்பு ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு மேசையிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை. ஜன்னல் வரை நடந்தாள், கதவு வரை நடந்தாள், கோட்டை நடந்துகொண்டே மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, அத்தை உன்னைப் பாதி வழியில இறக்கி விட்டுட்டு வந்துரப் போறாங்க," என்றாள் மகள் ஃப்ரேயா.

"விட்டா விடட்டும். நடந்தே போய்ச் சேருவேன். நடக்கிறதுலதான் எனக்கு ஒரு குறையும் இல்லையே."

"சண்டை போடாதம்மா. ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது."

"நானா ஆரம்பிக்க மாட்டேன். அவ ஆரம்பிச்சா முடிச்சு வைப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரேயாவுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல், சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு. லெம்வி ஊரே வரும். வேதம் வாசிக்கும்போது சபை எழுந்து நிற்கும், ஆசீர்வாதத்துக்கு மறுபடி நிற்கும். அங்கேதான் சோல்வைக்குச் சிக்கல்.

போன இலையுதிர் காலத்தில் தொடங்கியது. நடந்தால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் நின்றால் போதும், தொடைக்குள் கிடுகிடுவென்று ஏதோ ஓடும். பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கோ தரை காலை விட்டு நழுவும். முடி வெட்டுகிறவளுக்கு நிற்பதுதான் பிழைப்பு. துறைமுகத் தெருவிலுள்ள தன் சலூனில் அவள் வாடிக்கையாளரைச் சுற்றிச் சுற்றி வந்து வெட்டக் கற்றுக்கொண்டாள். "சோல்வைகிட்ட போனா முடிவெட்டும் உண்டு, நடனமும் உண்டு" என்று மீன்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்க முடியாத நாள் பிப்ரவரியில் வந்தது. மாமியாரின் அடக்கம். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றும்போது குடும்பமே வரிசையாக நின்றது. சோல்வை சற்று நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வரிசையை விட்டு விலகி, கல்லறைத் தோட்டத்துச் சரளைக்கல் பாதையில் மேலும் கீழுமாக நடந்தாள். கடைசியில் யாரோ ஒருவரின் கல்லறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது, கணவனின் அக்கா மெரேட்டா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "எங்கம்மாவுக்காக அஞ்சு நிமிஷம் நிக்க முடியல. இவளுக்கு எப்பவும் ஒரு நாடகம் வேணும்."

நாடகம். அந்தச் சொல் ஊரைச் சுற்றி வந்தது. முதலில் பார்த்த டாக்டர் அவள் கைகளைப் பார்த்தார், நடுங்கவில்லை. ரத்தம் பார்த்தார், தைராய்டு சரியாக இருந்தது. "கவலையா இருக்கும்" என்றார். கணவன் ப்ரேபன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நீ கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றான். அதோடு, கடல் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் தன் கப்பலுக்குப் போய்விட்டான்.

சோல்வை விடவில்லை. ஆர்ஹுஸ் நகரத்து நரம்பு மருத்துவரிடம் போயே தீருவேன் என்று நின்றாள், அதாவது நடந்தாள். நடுக்கத்தை நேரில் பார்த்த ஒருவரை உடன் அழைத்து வரும்படி மருத்துவமனையில் சொன்னார்கள். ப்ரேபன் கடலில் இருந்தான்.

"நானே வர்றேன்," என்று மெரேட்டா போன் செய்தாள். "அந்த டாக்டர் சொல்றத என் காதாலயே கேக்கணும்."

---

கார் வயல்களுக்கு நடுவே கிழக்கே ஓடியது. மஞ்சள் கடுகுப்பூ இரண்டு பக்கமும்.

"மாடியில உக்கார ஏற்பாடு பண்ணியிருக்கேன்," என்றாள் மெரேட்டா. அவள்தான் சர்ச் சபைத் தலைவி. "ஞாயித்துக்கிழமை ஆர்கன் பக்கத்துல. நீ எழுந்திரிச்சாலும் நடந்தாலும் யாருக்கும் தெரியாது."

"நான் முன் வரிசையில உக்காருவேன்."

"சோல்வை, இது பொண்ணோட நாளு."

"அதனாலதான். பொண்ணோட அம்மா முன் வரிசையில இருக்கணும். நிக்க முடியலன்னா உக்காந்திருப்பேன். பாக்கிறவங்க பாத்துக்கட்டும்."

"உனக்கு வெக்கமே கிடையாதா?"

"இருந்துச்சு. பிப்ரவரில எல்லாம் செலவாயிருச்சு."

மெரேட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினாள். அறுபத்தொரு வயது, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நரைத்த முடி கழுத்தில் கோணல்மாணலாக வளர்ந்து கிடந்தது. அடக்கத்துக்கு வெகு முன்பே அவள் சோல்வையின் சலூனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பதினைந்து வருட வாடிக்கை. காரணம் சொல்லவில்லை. திமிர் என்று சோல்வை நினைத்துக்கொண்டாள்.

---

காத்திருக்கும் அறையில் ஒரு கிழவர், பக்கத்தில் அவர் மனைவி. அவர் தலை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. மனைவி காபிக் கோப்பையை நீட்டினாள்.

"தலை வேண்டாம் வேண்டாங்குது, நீங்க நம்பாதீங்க," என்றார் கிழவர் சோல்வையிடம். "எனக்குக் காபி வேணும்."

கோப்பையை வாங்கியதும் கை ஆடத் தொடங்கியது. உதட்டை நெருங்க நெருங்க ஆட்டம் கூடியது. மனைவி தன் கையை அவர் கையின் மேல் வைத்து வாய் வரை கொண்டு போனாள். குடித்து முடித்துக் கைகளை மடியில் போட்டதும் இரண்டும் பூனைக்குட்டிகள் போல அமைதியாகப் படுத்துக்கொண்டன.

"எங்கப்பாவுக்கும் இதேதான். ஒரு மடக்கு சாராயம் உள்ள போனா கை அப்படியே கல்லு மாதிரி நிக்கும்," என்றார் கிழவர்.

"அதுக்காகக் காலையிலயே ஆரம்பிக்க முடியுமா?" என்றாள் மனைவி.

"முடியாதுன்னு யாரு சொன்னா?"

சோல்வை சிரித்தாள். மெரேட்டா சிரிக்கவில்லை. இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

---

டாக்டர் யூல் ஒல்லியான பெண்மணி. கை குலுக்கும்போதே சோல்வையின் விரல்களைச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்துப் பார்த்தார்.

"நடுக்கம்னு சொன்னதும் எல்லாரும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. எங்களுக்கு முதல் கேள்வியே, எப்ப வருதுங்கிறதுதான்," என்றார். "கை மடியில சும்மா கிடக்கும்போது ஆடுதா? நீட்டிப் பிடிச்சா ஆடுதா? ஒரு பொருளை எட்டிப் பிடிக்கப் போகும்போது, கிட்ட போகப் போக ஆடுதா? எழுதும்போது மட்டுமா? ஒவ்வொண்ணுக்கும் வீடு வேற, முகவரி வேற. தப்பான வீட்டுக் கதவைத் தட்டினா பதில் வராது."

"எனக்கு இதுவரைக்கும் தட்டினவங்க 'கவலை'ங்கிற வீட்டைத்தான் தட்டினாங்க," என்றாள் சோல்வை.

"அந்த வீடும் உண்டு. அதையும் பாத்துருவோம்."

மாத்திரைகள் கேட்டார், காபி கேட்டார், குடி கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். கைகளை நீட்டச் சொன்னார், ஆடவில்லை. தன் விரலையும் அவள் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னார், விரல் நேராகப் போய் வந்தது. காகிதத்தில் நத்தைச் சுருள் வரையச் சொன்னார். முடி வெட்டும் கை, கோடு பிசிறில்லாமல் வந்தது.

"இப்ப கையை மடியில போட்டுக்குங்க. நூறிலிருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கிட்டே வாங்க."

"கணக்கா?"

"மனசு வேற வேலையில இருக்கும்போது, சும்மா கிடக்கிற கையில ஒளிஞ்சிருக்கிற நடுக்கம் வெளிய வரும். விரல் மாத்திரை உருட்டுற மாதிரி ஆடும். எழுந்து வேலை செஞ்சா அடங்கிரும். அப்படி இருந்தா பார்க்கின்சன் பக்கம் தேடிப் பாப்போம்."

"தொண்ணூத்தி மூணு," என்றாள் சோல்வை. "எண்பத்தி ஆறு. எண்பது..."

"எழுபத்தொம்போது," என்றாள் மெரேட்டா. டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "எழுபத்தி ரெண்டு. அறுபத்தஞ்சு."

டாக்டர் திரும்பினார். சோல்வையும் திரும்பினாள்.

அறை வெதுவெதுப்பாக இருந்ததால் மெரேட்டா கோட்டைக் கழற்றியிருந்தாள். அவள் இடது கை மடியில் கிடந்தது. கட்டை விரலும் சுட்டு விரலும் ஒன்றையொன்று மெல்ல உரசி உருட்டிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியை உருட்டுவது போல.

அவர்கள் பார்வை போன இடத்தை மெரேட்டா பார்த்தாள். சட்டென்று வலது கையால் இடது கையை மூடினாள்.

"குளிருது," என்றாள்.

டாக்டர் சோல்வையிடம் திரும்பினார். "உங்க கை ரெண்டும் சும்மா இருக்கு. நல்லது. இப்ப ஷூவைக் கழட்டிட்டு எழுந்து நில்லுங்க. எதையும் பிடிக்காம. விழ விட மாட்டேன்."

சோல்வை நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது வந்தது. கால் விரல்கள் தரையைக் கவ்வின, முகத்தில் ரத்தம் வற்றியது.

டாக்டர் குனிந்து அவள் தொடையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தொடைத் தசையின் மேல் வைத்தார். அவர் புருவம் உயர்ந்தது.

"மெரேட்டா, இங்க வாங்க. நீங்களும் கேளுங்க."

"நானா?"

"சாட்சியா வந்தீங்கல்ல?"

மெரேட்டா குழாயைக் காதில் மாட்டிக்கொண்டாள். சோல்வையின் கண்கள் மெரேட்டாவின் முகத்தை விட்டு நகரவில்லை. அந்த முகம் மாறுவதற்கு அவள் மாதக் கணக்கில் காத்திருந்தாள். மாறியது.

"ஹெலிகாப்டர்," என்றாள் மெரேட்டா மெதுவாக. "கடல் மேல தூரத்துல ஹெலிகாப்டர் போற மாதிரி."

"எங்க பாடத்துலயும் அதே வார்த்தைதான்," என்றார் டாக்டர். "சோல்வை, நடங்க."

சோல்வை ஜன்னல் வரை நடந்தாள். இரண்டாவது அடியிலேயே எல்லாம் நின்றது.

பிறகு கால் தசைகளில் மின்துடிப்பைப் பிடிக்கும் சிறு வில்லைகள் ஒட்டி, மறுபடி நிற்க வைத்து, கருவியில் பதிவு எடுத்தார்கள். திரையில் கோடுகள் நெருக்கமாக, சீராக ஓடின.

"நொடிக்குப் பதினாறு தடவை," என்றார் டாக்டர் யூல். "நடிச்சோ, பயந்தோ, யாராலயும் காலை இந்த வேகத்துல இவ்வளவு ஒழுங்கா ஆட்ட முடியாது. இது நிற்கும்போது மட்டும் வர்ற நடுக்கம். நின்ற நிலை நடுக்கம்னு சொல்லுவோம். அபூர்வம். கண்ணால பாத்தாத் தெரியாது, அதனாலதான் தப்பிச்சுக்கிட்டே இருக்கு."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"நின்ற நிலை நடுக்கம்."

சோல்வை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அழவில்லை. "சரியாகுமா?"

"முழுசா போகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். மாத்திரை தர்றேன், சிலருக்கு நல்லா கேக்கும். இதனால உயிருக்கு ஒண்ணும் இல்ல. சலூன்ல சக்கரம் வச்ச உயரமான ஸ்டூல் வாங்கிப் போடுங்க. வரிசையில நிக்க வேண்டிய இடத்துல உக்காருங்க, யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க."

கிளம்பும்போது டாக்டர் மெரேட்டாவின் பக்கம் திரும்பினார். "நீங்க என் நோயாளி இல்ல. அதனால நான் எதுவும் சொல்லல. உங்க சொந்த டாக்டரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லது. அதையும் அவர்கிட்டயே கேட்டுருங்க."

---

காருக்குள் ஏறிய பிறகும் மெரேட்டா வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த செங்கல் சுவரையே பார்த்திருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள் சோல்வை.

"என்னது?"

"மெரேட்டா."

"போன கோடையில இருந்து. முதல்ல காபி வாசனை தெரியாமப் போச்சு. அப்புறம் இந்தக் கை. நடக்கும்போது வீசாது, உடம்போட ஒட்டிக்கிட்டே வரும். அப்புறம் இது." தன் இடது கையைக் கண்ணால் காட்டினாள். "வேலை செஞ்சா நின்னுரும். உக்காந்தா ஆரம்பிச்சிரும். உன் கடை நாற்காலியில உக்காந்தா என்ன ஆகும்? துணிக்கடியில கை ஆடும், எதிர்ல கண்ணாடி, பின்னால நீ. உன் கண்ணுக்குத் தப்புமா?"

"அதனாலதான் வர்றத நிறுத்துனியா?"

"வேற எதுக்கு? உன்ன மாதிரி யாரு வெட்டுறா இந்த ஊர்ல?"

சோல்வைக்கு ஒரு நொடி இரக்கம் பொங்கியது. அடுத்த நொடியே இன்னொன்று முன்னால் வந்து நின்றது. அவள் குரல் தணிந்தது.

"அப்போ பிப்ரவரில உனக்குத் தெரிஞ்சிருக்கு. உடம்பு தன்னால நடுங்கும்னு, நம்ம சொல்லுக்குக் கட்டுப்படாதுன்னு, ஊர்லயே உனக்குத்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை நாடகம்னு சொன்ன."

மெரேட்டா தலையசைத்து ஒப்புக்கொண்டாள்.

"ஏன்?"

"அன்னிக்கு வரிசையில நிக்கும்போது என் கை ஆடிக்கிட்டிருந்துச்சு. பாதிரியார் பாத்துட்டாருன்னு நினைச்சேன். அப்ப நீ வெளிய நடந்துட்ட. எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்புச்சு. ஊரு உன்னைப் பாத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் என்னைப் பாக்காது. அவ்வளவுதான்."

சோல்வை கதவைத் திறந்து இறங்கினாள். நடந்தாள். கார்களுக்கு நடுவே, சைக்கிள் கொட்டகையைச் சுற்றி, மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்பி, மறுபடி போனாள். கெட்ட வார்த்தைகள் சிலவற்றைச் சத்தமாகவே சொன்னாள். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

இத்தனை மாதமும் ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தாள். அது கைக்கு வந்துவிட்டது. கூடவே இன்னொரு ஆயுதமும் வந்திருந்தது. லெம்வியில் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால் போதும், மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். யோசித்துப் பார்த்தாள். அதன் சுவை எப்படி இருக்கும் என்றும் யோசித்தாள். அந்தச் சுவையைத்தான் மெரேட்டா பிப்ரவரியில் அவளுக்கு ஊட்டியிருந்தாள்.

திரும்பி வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நகரு. நான் ஓட்டுறேன்."

"என்னால ஓட்ட முடியும்."

"தெரியும். ஆனா உனக்கு ரெண்டு கையும் வேணும். போன் பண்ணப் போற."

"யாருக்கு?"

"உன் டாக்டருக்கு. இப்பவே."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

"ஞாயிறு போனா கோடை விடுமுறைம்ப. கோடை போனா கிறிஸ்துமஸ்ம்ப. நானும் அப்படித்தான் தள்ளிப் போட்டேன். போன் பண்ணு. இல்லன்னா நான் பண்ணி உன் பேரைச் சொல்வேன்."

"இது மிரட்டல்."

"ஆமா."

மெரேட்டா அவளை முறைத்தாள். பிறகு இடம் மாறி உட்கார்ந்தாள். கார் நகரத்தை விட்டு வெளியேறும் முன் போன் செய்தாள். மறுமுனையில் நர்ஸ் என்ன பிரச்சினை என்று கேட்டாள்.

"கை," என்றாள் மெரேட்டா. நிறுத்தினாள். சோல்வை சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இடது கை. சும்மா இருக்கும்போது நடுங்குது." பிறகு டீச்சர் குரல் திரும்பி வந்தது. "இல்லம்மா, காபி அதிகமாக் குடிச்சதனால இல்ல. நான் வந்து சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

வீபோர் ஊரைத் தாண்டியதும் சோல்வையின் போன் ஒலித்தது. ப்ரேபன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கப்பல் இன்ஜின் இரைந்தது.

"என்ன சொன்னாங்க? அக்கா கூட இருக்காளா?"

"இருக்கேன்," என்றாள் மெரேட்டா.

"நீயே சொல்லுக்கா. மனசு சம்பந்தப்பட்டதுதானே?"

மெரேட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்ல. தசையில ஓடுற நடுக்கம். பேர் இருக்கு, பதிவு இருக்கு, நான் என் காதால கேட்டேன். நின்னாத்தான் வரும். அம்மா அடக்கத்தன்னிக்கு இவளால நிக்க முடிஞ்சிருக்காது. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"தப்புன்னு சொல்லுக்கா. தெரியாமச் சொன்னதப் போய்ப் பொய்ம்பியா?"

"நான் கணக்கு டீச்சர், ப்ரேபன். தப்புக்கும் பொய்க்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். பொய்."

சோல்வை ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சோல்வை," என்றான் ப்ரேபன். அவன் குரலில் இதுவரை இல்லாத ஒரு பயம் இருந்தது. "ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு. உன்கிட்டத் தனியாப் பேசணும்."

"எதைப் பத்தி?"

"ஞாயித்துக்கிழமையைப் பத்தி. நான்... நீ வர மாட்டேன்னு நினைச்சு, உன்கிட்டக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன்."

மெரேட்டா திரும்பி சோல்வையைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சோல்வை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஸ்பீக்கர் அப்படியே இருக்கட்டும்," என்றாள். "சொல்லு ப்ரேபன். நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"முன் வரிசையில உன் இடத்துல அக்காவை உக்கார வைக்கச் சொல்லிப் பாதிரியாருக்கு எழுதிட்டேன்," என்று ப்ரேபன் சொன்னதும், மெரேட்டா போன் பக்கம் குனிந்து, "அந்த இடம் இவளோடது," என்றாள்.